துப்பாக்கி ஆட்டத்தில் ஜெயிக்க வீட்டுக் குறிப்புகள் 18

போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு அண்ணன் மகன் ஹெட்செட்டைக் கழற்றி மேசைமேல் போட்டுவிட்டு, "இருபத்தேழு கில் அத்தை! அப்பவும் தோத்துட்டோம். டீம் குப்பை" என்றான். ஆடியது வாலரன்ட். 9-13. "ஸ்பைக்கை எத்தனை தடவை வச்சீங்க?" என்று கேட்டேன். முழித்தான். இருபத்தேழு மட்டும்தான் அவனுக்கு நினைவில் இருந்தது.

எனக்கும் இந்தப் பைத்தியம் உண்டு. பிரவுசிங் சென்டர்களில் கவுன்டர்-ஸ்ட்ரைக் 1.6 ஓடிக்கொண்டிருந்த காலத்தில் அண்ணனுக்குத் துணையாகப் போய் உட்கார்ந்து, அவனைவிட நன்றாக ஆடக் கற்றுக்கொண்டவள் நான். இப்போது அவன் மகனும் மூன்று சிநேகிதர்களும் ஐந்தாவது ஆள் கிடைக்காத நாளில் என்னைக் கூப்பிடுகிறார்கள். அவர்களுக்காக ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய காகிதத்தைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதியிருக்கிறேன்.

1. ஆட்டம் தொடங்கும்முன், புள்ளி எதற்குக் கிடைக்கிறது என்று பார்த்துக்கொள்ளவும். வாலரன்டிலும் கவுன்டர்-ஸ்ட்ரைக்கிலும் குண்டுதான் எல்லாம் (வாலரன்டில் அதற்கு ஸ்பைக் என்று பெயர்). ஓவர்வாட்சில் சில இடங்களில் வண்டியை நகர்த்திக்கொண்டு போக வேண்டும், சில இடங்களில் ஒரு வட்டத்தைப் பிடித்துவைக்க வேண்டும். கால் ஆஃப் டூட்டியின் ஹார்ட்பாயின்டில் குறித்த இடத்தில் நின்ற நேரத்துக்குப் புள்ளி. கொலைக்கு மட்டும் புள்ளி தரும் டீம் டெத்மேட்சும் இருக்கிறது. சுட்டுத் தீர்க்க ஆசையாக இருக்கும் நாளில் அதை ஆடிக்கொள்ளலாம், யாரும் திட்ட மாட்டார்கள்.

2. கடிகாரத்தைப் பார்த்து ஆடவும். வாலரன்டில் ஒரு சுற்றுக்கு 100 நொடி. தாக்குகிற அணி அதற்குள் ஸ்பைக்கை வைக்காவிட்டால் ஐந்து பேரும் முழு உயிரோடு நின்றாலும் சுற்று போய்விடும். வைத்த நொடியில் கணக்கு தலைகீழாகிறது. அதுவரை நம்மை விரட்டிய கடிகாரம் எதிரணியை விரட்ட ஆரம்பிக்கும். 45 நொடியில் வெடித்துவிடும். அதற்குள் அவர்கள் ஓடிவந்து, நம்மைத் தாண்டி, 7 நொடி உட்கார்ந்து செயலிழக்க வைத்தாக வேண்டும். நமக்கோ வைப்பதற்கு 4 நொடி போதும். அந்த நாலு நொடி ஒருவர் துப்பாக்கியை மறந்துவிட்டு உட்கார, மற்றவர்கள் ஆளுக்கொரு வழியைப் பார்த்துக்கொண்டால் மீதி வேலையைக் கடிகாரம் செய்யும்.

எங்கள் பையன்கள் முதல் 70 நொடியை மூலைக்கு மூலை எட்டிப் பார்ப்பதில் கழித்துவிட்டு, கடைசி 20 நொடியில் "ரஷ், ரஷ்" என்று ஓடுவார்கள். கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவன் எந்தச் சந்து வழியாக வருவான் என்று எதிரணிக்கும் தெரியும். 40 நொடி மிச்சமிருக்கும்போதே எங்கே வைப்பது, ஏயா பியா என்று முடிவாகியிருக்க வேண்டும்.

3. ஸ்பைக் வைத்திருப்பவர் முதல் ஆளாக நுழையக் கூடாது. அவர் விழுந்தால் ஸ்பைக்கும் எதிரியின் குறிக்கு நேராக விழும். அதை எடுக்கப் போய் இன்னொருவர் விழுவார். கடைசி ஆளாகவும் வரக் கூடாது, பின்னால் பதுங்கியிருப்பவன் வெட்டிவிடுவான். மூன்றாவதாக வருவது நல்லது.

4. தனியாக எட்டிப் பார்க்க வேண்டாம், ஜோடியாகப் போகவும். இந்த ஒன்றைக் கற்றுக்கொண்டால் பாதி ஆட்டம் கைக்கு வந்த மாதிரி. முன்னால் போகிறவர் சுடப்பட்டால், சுட்டவன் அடுத்த குறி வைப்பதற்குள் பின்னால் வருகிறவர் அவனை வீழ்த்திவிட வேண்டும். இதை 'டிரேட்' என்பார்கள். ஐந்துக்கு ஐந்து நாலுக்கு நாலு ஆகும், அவ்வளவுதான். தனியாகப் போய் விழுந்தால் நாலுக்கு ஐந்து. அதற்குப் பிறகு எந்த மூலையிலும் அவர்கள் பக்கம் ஓர் ஆள் கூடுதல்.

ஜோடியாகப் போவது என்றால் தோளோடு தோள் உரசிக்கொண்டு போவதில்லை. ஒரே குண்டுமழையில் இருவரும் போய்விடுவார்கள். இரண்டாமவர் முன்னவரின் முதுகைப் பார்க்கும் தூரத்தில், அவர் பார்க்காத கோணத்தைப் பார்த்துக்கொண்டு வர வேண்டும். முன்னால் போகிறவருக்கு ஆட்ட முடிவில் கில் எண்ணிக்கை குறைவாகத்தான் இருக்கும். அவரை யாரும் குறை சொல்லக் கூடாது. எங்கள் அணியில் அந்த வேலையை எடுத்துக்கொள்ளும் பையனுக்கு நான் தனியாக ஐஸ்கிரீம் வாங்கித் தருகிறேன். லஞ்சம்தான், ஆனால் வேலை செய்கிறது.

5. ஸ்பைக் வைத்த பிறகு வேட்டைக்குக் கிளம்பாதீர்கள். மேலே சொன்ன இருபத்தேழு கில் ஆட்டத்தின் பதிவை அவனோடு உட்கார்ந்து பார்த்தேன். வைத்தது ஐந்து முறை; அதில் மூன்று தடவை வைத்துவிட்டுத் தோற்றிருக்கிறார்கள். மூன்றிலும் நடந்தது ஒன்றே: மூன்று பேர் இருக்கிறோம், அவர்கள் இருவர்தானே என்று ஒவ்வொருவராகத் தேடிப் போய் ஒவ்வொருவராக விழுந்திருக்கிறார்கள். அவன் போய் ஒருவனைக் கொன்றிருக்கிறான், இருபத்தேழில் அதுவும் ஒன்று. ஸ்பைக் தெரிகிற மாதிரி இரண்டு வெவ்வேறு கோணங்களில் ஒளிந்து நின்றிருந்தால் போதும். செயலிழக்க வைக்கத் தொடங்கும் சத்தம் காதில் விழும். விழுந்த பிறகு எட்டிப் பார்த்தாலும் நேரம் இருக்கிறது.

6. அந்தச் சத்தத்தை நம்பியும் ஏமாறாதீர்கள். கெட்டிக்காரன் தொட்டுச் சத்தம் எழுப்பிவிட்டுக் கையை எடுத்து, நாம் எட்டிப் பார்ப்பதற்காகத் துப்பாக்கியோடு காத்திருப்பான். இருவர் காவல் என்றால் ஒருவர் எட்டிப் பார்க்க, மற்றவர் பொறுத்திருக்கவும். வாலரன்டில் பாதி வரை, அதாவது 3.5 நொடி, செயலிழக்க வைத்துவிட்டால் அந்தப் பாதி அழியாது. அடுத்து வருகிறவர் மீதியை முடித்தால் போதும். ஆகவே காக்கும் அணியில் மூன்று பேர் மீட்கப் போனால் ஒருவர் ஸ்பைக்கில் கைவைத்தே தீர வேண்டும். மூவரும் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு நின்றால் வெடிப்பதை நன்றாக வேடிக்கை பார்க்கலாம்.

7. கிட் என்ற கருவியை வாங்கவும். கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் வெறுங்கையால் குண்டைச் செயலிழக்க வைக்க 10 நொடி, கிட் இருந்தால் 5 நொடி. 1.6இல் அதன் விலை 200 டாலர், இப்போது 400. ஆட்டத்தில் மிகச் சல்லிசான சாமான்களில் ஒன்று. பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் காசு கொடுத்து ஆடிய காலத்தில் எங்கள் ஐவரில் ஒருவரும் அதை வாங்க மாட்டோம். அடுத்தவன் வாங்கியிருப்பான் என்று ஐந்து பேருக்கும் நம்பிக்கை. டஸ்ட்2 வரைபடத்தில் பி பக்கம், எதிரணி முழுக்கக் காலி, அண்ணன் மட்டும் உயிரோடு குண்டின்மேல் உட்கார்ந்திருக்கிறான். வரிசையில் இருந்த எட்டு கம்ப்யூட்டர்காரர்களும் எழுந்து வந்து பின்னால் நின்றோம். கிட் இல்லை. முக்கால்வாசியில் வெடித்தது. இன்றைக்கும் தீபாவளிக்கு வரும் பழைய சிநேகிதர்கள் அவனைப் பார்த்ததும் முதலில் கேட்பது அதைத்தான்.

8. பணத்தை ஐந்து பேரும் சேர்ந்து செலவழிக்கவும், சேர்ந்தே சேமிக்கவும். வாலரன்டில் வேண்டல் துப்பாக்கி 2,900, கனமான கவசம் 1,000. ஜெயித்தால் 3,000 வரும். தோற்றால் முதலில் 1,900, அடுத்தடுத்துத் தோற்றால் 2,400, பிறகு 2,900. கையில் இல்லாத சுற்றில் இருவர் மட்டும் வாங்கிக்கொண்டு மூவர் கைத்துப்பாக்கியோடு நின்றால், அந்தச் சுற்றும் போகும், அடுத்த சுற்றில் இவர்கள் இருவர் கையும் காலி. வாங்கும் நேரம் 30 நொடி இருக்கிறது. "எல்லாரும் வாங்கலாமா, சேமிக்கலாமா?" என்று கேட்க 3 நொடி போதும். மிஞ்சியிருப்பவர் இல்லாதவருக்கு வாங்கிப் போடலாம். அதற்கு ஆட்டத்திலேயே வசதி இருக்கிறது. நம் பையன்கள் நிஜக் காசில் டீ வாங்கிக் கொடுப்பார்கள், இதில் மட்டும் கஞ்சத்தனம்.

9. "அங்க! அங்க! அவன்தான்!" என்று கத்த வேண்டாம். உங்கள் திரையை நீங்கள் மட்டும்தான் பார்க்கிறீர்கள். முதலில் இடம், பிறகு எத்தனை பேர், பிறகு எவ்வளவு அடி. "பி மெயின், ரெண்டு பேர், ஜெட்டுக்கு எண்பது அடிச்சாச்சு." (ஜெட் என்பது எதிரணி ஆள் எடுத்த பாத்திரம்.) தீர்ந்தது. வரைபடத்தின் ஒவ்வொரு மூலைக்கும் ஒரு பெயர் உண்டு. வெனிஸை மாதிரியாக வைத்த அசென்ட்டில் மார்க்கெட், கார்டன், ட்ரீ என்று இருக்கும். பல வரைபடங்களில் மேல்மாடம் ஹெவன், அதன் அடிவாரம் ஹெல். புது வரைபடம் வந்தால் சுடப் பழகும்முன் பெயர்களை மனப்பாடம் செய்யவும். பெயர் தெரியாவிட்டால் வரைபடத்தில் பிங் போட்டுக் காட்டவும்.

இன்னொன்று: ஆள் இல்லை என்பதும் தகவல்தான். "ஏ பக்கம் சத்தமே இல்லை" என்று ஒருவர் சொன்னால் மற்ற நால்வரும் அரை அடி நகர்ந்து நிற்க முடியும். பூடானில் நடப்பதாக அமைந்த ஹேவன் வரைபடத்தில் குண்டு வைக்க மூன்று இடங்கள், காக்க ஐந்தே பேர். அங்கே இந்த ஒரு வாக்கியம் இன்னொரு ஆளுக்குச் சமம்.

10. செத்தவர் பேசக் கூடாது. கொன்றவன் எங்கே நின்றான் என்று ஒரு வரி சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளவும். உயிரோடு கடைசியாக நிற்பவருக்குக் காலடிச் சத்தம் கேட்க வேண்டும். நான்கு ஆவிகள் ஒரே நேரத்தில் "இடது, இல்ல வலது, ரீலோட் பண்ணு" என்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தால் யாருக்குக் கேட்கும்?

11. மைக்கை எப்போதும் திறந்து வைக்காமல், பேசும்போது மட்டும் பட்டனை அழுத்திப் பேசும் முறையில் வைக்கவும். நம் வீடுகளுக்கு இது மிக முக்கியம். மின்விசிறி, மிக்சி, குக்கர் விசில், டிவி சீரியலில் மாமியார் அழுவது எல்லாம் நாலு வீட்டுக்குப் போய்ச் சேர்கிறது. ஒருநாள் எங்கள் அணியில் ஒருவன் வீட்டுப் பாட்டி, பக்கத்து வீட்டுக் கல்யாணத்தைப் பற்றிச் சொன்ன விமர்சனம் முழுவதையும் கேட்டோம். சுவாரசியமாகத்தான் இருந்தது, ஆனால் அந்தச் சுற்று போய்விட்டது.

12. வைஃபையைவிட வயர் மேல். ரூட்டரிலிருந்து லேன் கேபிள் இழுக்க முடியாத அறை என்றால் 5 கிகாஹெர்ட்ஸ் இணைப்பைத் தேர்ந்தெடுக்கவும், 2.4இல் மைக்ரோவேவ் அடுப்பு ஓடினாலே இழுக்கும். மின்சாரம் போனால் கம்ப்யூட்டருக்கு யுபிஎஸ் இருந்தும் ரூட்டர் அணைந்துவிடும் வீடுகள் உண்டு. ரூட்டருக்கென்றே சின்ன யுபிஎஸ் கடைகளில் கிடைக்கிறது. பாதியில் ஆள் காணாமல்போனால் மீதி நால்வரும் ஐவரை எதிர்த்து ஆட வேண்டும். "கரண்ட் போச்சு" என்ற காரணத்தை ஆட்டம் கேட்காது, தண்டனையும் போடும்.

13. ஐந்து பேரும் கதாநாயகனாக வேண்டாம். வாலரன்டில் டூயலிஸ்ட், இனிஷியேட்டர், கன்ட்ரோலர், சென்டினல் என்று நான்கு வகை ஆட்கள். பையன்கள் விழுந்து விழுந்து எடுப்பது டூயலிஸ்ட். புகை போட ஆள் இருக்காது. புகை இல்லாமல் ஒரு இடத்துக்குள் நுழைவது, நாலு மாடி ஜன்னலும் திறந்திருக்கிற தெருவில் நடுவே நடந்துபோவதுதான். நான் ஓமன் என்ற கன்ட்ரோலரை எடுப்பேன். அதன் புகை 15 நொடி நிற்கும். "போடுறேன், மூணு, ரெண்டு, ஒண்ணு" என்று சொல்லிப் போட வேண்டும். சொல்லாமல் போட்டால் பாதிப் புகை வீணாகக் கரைந்த பிறகுதான் நம் ஆட்கள் கிளம்புவார்கள். அதேபோல் கண்ணைப் பறிக்கும் ஒளியை வீசும்முன் "கண்ணு!" என்று ஒரு குரல் கொடுக்கவும். எதிரியைவிடச் சொந்த அணியைக் குருடாக்கியவர்களின் கணக்கு எடுத்தால் நான் முதல் பக்கத்தில் இருப்பேன்.

14. ஹார்ட்பாயின்ட் ஆடும் கால் ஆஃப் டூட்டிப் பிள்ளைகளுக்கு: குறித்த இடத்துக்குள் நால்வரும் போய் அடைந்துகொள்ள வேண்டாம். ஒருவர் நின்றாலும் நால்வர் நின்றாலும் நொடிக்கு ஒரு புள்ளிதான். ஒருவர் உள்ளே, மற்றவர்கள் எதிரி வரும் பாதைகளில். போட்டி ஆட்டத்தில் அந்த இடம் 60 நொடிக்கு ஒருமுறை மாறும், மாறும் வரிசையும் முன்பே தெரிந்ததுதான். ஆகவே 15, 20 நொடி மிச்சமிருக்கும்போதே ஒருவரோ இருவரோ அடுத்த இடத்துக்குப் போய் நிற்கவும். இப்போதைய இடத்தில் கடைசி பத்துப் புள்ளியை விட மனமில்லாமல் எல்லோரும் நின்றால், அடுத்த அறுபதும் எதிரணிக்குப் போகும். நம் ஆள் முன்கூட்டியே நிற்பதில் இன்னொரு லாபமும் உண்டு. செத்துப் பிழைக்கிற நம்மவர்களை ஆட்டம் பெரும்பாலும் அவருக்குப் பக்கமாகவே இறக்கிவிடும்.

15. அதே கால் ஆஃப் டூட்டியின் டாமினேஷனில் மூன்று கொடிகள், இரண்டு போதும். மூன்றாவதையும் பிடித்தால் எதிரணி எங்கே பிழைத்து வரும் என்பது குழம்பி, நம் முதுகுக்குப் பின்னால் வந்து இறங்குவார்கள். பேராசைக்காரர்களுக்கு இது புரிய ஒரு மாதம் ஆகும்.

16. பெரிய ஆட்டக்காரர்களுக்கும் மறதி வரும் என்பதால் ஒருவரை நினைவூட்டும் வேலைக்கு வைக்கவும். 2017இல் தென் கொரியாவில் நடந்த ஏபெக்ஸ் ஓவர்வாட்ச் தொடரில், கிளவுட்9 என்ற தொழில்முறை அணி அஃப்ரீகா ஃப்ரீக்ஸ் ப்ளூ அணியோடு மோதியது. சண்டை சூடுபிடித்ததில், காலை வைத்து நிற்க வேண்டிய இடத்தைவிட்டு நகர்ந்துபோய்ச் சுற்றைக் கோட்டை விட்டார்கள். ஒரே போட்டியில் திரும்பத் திரும்ப. அன்றிலிருந்து உலகமெங்கும் யாராவது இப்படிச் செய்தால் எதிரணி 'சி9' என்று தட்டச்சு செய்து சிரிக்கும். ஓவர்வாட்சில் நேரம் முடிந்த பிறகும் தாக்குகிற அணியில் ஒருவர் அந்த இடத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும்வரை ஆட்டம் முடியாது. சுடவே தெரியாதவரும் அங்கே போய் நின்று சாகலாம். அந்த நேரத்தில் அதைவிட நல்ல வேலை கிடையாது. எங்கள் வீட்டில் "கால் எங்கே?" என்று கேட்பது என் வேலை. முதலில் எரிச்சல்பட்டார்கள். இப்போது அவர்களே கேட்டுக்கொள்கிறார்கள்.

17. முகம் தெரியாதவர்களோடு ஆடும்போது மும்பை சர்வரில் பாதிப் பேர் இந்தியில் பேசுவார்கள். "ஒன் லெஃப்ட், லோ" எல்லோருக்கும் புரியும், அது போதும். என் குரல் கேட்டதும் ஆட்டத்தை விட்டுவிட்டு "பொண்ணா? பேரு என்ன?" என்று தொடங்குகிறவர்களும் வருவார்கள். பதில் சொல்ல வேண்டாம், கத்தவும் வேண்டாம். பெயருக்கு நேரே மியூட் இருக்கிறது, அழுத்திவிட்டு பிங் போட்டு ஆடவும். ஆட்டம் முடிந்ததும் புகார் கொடுக்கவும். கூட ஆடும் அண்ணன் தம்பிகள் அந்த நேரத்தில் சிரிக்காமல் இருந்தால் இன்னும் நல்லது. முதல் தடவை எங்கள் பையன்கள் சிரித்தார்கள். அன்று வயரைப் பிடுங்கிவிட்டு எழுந்துபோனேன். பன்னிரண்டாம் குறிப்பை நானே மீறிய ஒரே நாள் அது.

18. "ரெண்டே நிமிஷம்" என்று சமையலறையைப் பார்த்துச் சொல்லக் கூடாது. வாலரன்டில் 13 சுற்று ஜெயிக்கும் வரை ஆட்டம் போகும், 12-12 ஆனால் இன்னும் இழுக்கும். நடுவில் நிறுத்திவைக்கப் பொத்தான் கிடையாது. சாதாரணமாகவே 40 நிமிடம் ஆகும். ஆகவே ஆட்டத்துக்கு வரிசையில் நிற்கும்முன் ஒருவர் எழுந்துபோய், தோசைக்கல் அடுப்பில் ஏறிவிட்டதா என்று பார்த்து வரவும். ஏறியிருந்தால் மற்ற நாலு வீட்டுக்கும் சொல்லிவிட்டு முதலில் தட்டை எடுக்கவும்.